கடைப் பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால்

அக்கா மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வரைகலை வடிவமைப்பு படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. விடுமுறையில் ஒரு சனிக்கிழமை சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனால், கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தரை முழுக்கத் தாள்கள். ஐந்து தொழில்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து இணையத்தளங்களைப் பார்த்து, அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று எழுத வேண்டுமாம். முகப்புப் பக்கங்களை அச்செடுத்து, நிறுவனத்தின் பெயரும் சின்னமும் இருக்கும் இடத்தில் மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டி வைத்திருந்தாள்.

"மாமா, இது எந்தக் கம்பெனின்னு சொல்லுங்க பார்ப்போம்."

நான் அச்சுக்கூடத்தில் தொடங்கி இணையத்துக்கு வந்தவன். பக்க வடிவமைப்புதான் சோறு போடுகிறது. இருபத்தைந்து தாள்களிலும் எது வங்கி, எது மருந்தகம், எது உணவகம் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். எந்த வங்கி, எந்த உணவகம் என்பதில் மூன்றுதான் சரி. அதிலும் ஒன்று குருட்டாம்போக்கில் அடித்தது.

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. "எல்லாம் ஒரே அச்சு. இத்தனை பேர் டிசைன் படிச்சு என்ன பிரயோஜனம்?"

நியாயமான எரிச்சல்தான். படிக்கிற காலத்தில் எனக்கும் இருந்தது. ஆனால் அந்த ஒரே அச்சுக்குள் இருக்கும் காரணங்கள், தனித்தன்மை என்று நாம் கொண்டாடும் பலவற்றைவிடச் சுவாரசியமானவை. அன்று மாலை அவளுக்குச் சொன்னதையும், பிறகு அவள் எனக்குக் காட்டியதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பழக்கம். இணையப் பயன்பாட்டை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜேக்கப் நீல்சன். அவர் சொல்லும் ஒன்று வடிவமைப்பு வகுப்புகளில் விதியாகவே நிலைத்துவிட்டது: மக்கள் தங்கள் இணைய நேரத்தில் பெரும்பகுதியை உங்கள் தளத்தில் கழிப்பதில்லை, மற்றவர்களின் தளங்களில் கழிக்கிறார்கள். அதனால் உங்கள் தளமும் அவர்களுக்குப் பழகிய மாதிரியே இயங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். தேக்கா சந்தைக்குப் போகிறவருக்கு மீன் கடைகள் எந்தப் பக்கம், காய்கறி எந்தப் பக்கம் என்று காலே சொல்லும். புதிதாக வரும் மீன் கடைக்காரர் ‘நான் வித்தியாசமானவன்’ என்று துணிக்கடைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் மீன் நாறும், விற்காது.

பழக்கம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிவதும் இல்லை. கைப்பேசித் திரையின் மூலையில் மூன்று கோடுகள் இருக்கின்றனவே, அதை 1981இல் ஸீராக்ஸ் ஸ்டார் என்ற கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தார். உலகம் அதற்கு ‘ஹாம்பர்கர்’ என்று பெயர் வைத்தது. என் அம்மாவுக்கு அது விபூதிப் பட்டை. "அந்தப் பட்டையை அமுக்குடா" என்பார். பெயர் எதுவானால் என்ன, அமுக்கத் தெரிந்திருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வரைந்த ஒரு சின்னம் எழுபத்தெட்டு வயது அம்மாவிடம் இப்படி வேலை செய்கிறது என்றால், அதை மாற்றப் போகிறவருக்கு வலுவான காரணம் வேண்டும்.

ஆனால் பழக்கம் பாதி விளக்கம்தான். வங்கித் தளமும் நகைக்கடைத் தளமும் வேறு வேறாக இருப்பதற்கு அது காரணம் சொல்லாது. நான் அவளிடம் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றுதான்: இந்தப் பக்கத்தைத் திறக்கிறவர் எதற்குப் பயப்படுகிறார்?

வங்கியில் தொடங்கினோம். இந்த ஊர் வங்கித் தளங்களில் ஒரு முரண் உண்டு. மற்ற எல்லாத் தொழிலிலும் வடிவமைப்பாளர் வாடிக்கையாளரை விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் பாடுபடுகிறார். வங்கியில் சில இடங்களில் வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார். 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரைச் சொல்லிக் குறுஞ்செய்திகள் வந்தன. அசல் செய்திகள் வரும் அதே வரிசையில் போலிச் செய்தியும் போய் உட்கார்ந்துகொண்டது. அதிலிருந்த இணைப்பைத் தட்டியவர்கள் போலித் தளத்தில் தங்கள் விவரங்களைக் கொடுத்தார்கள். 790 பேர் இழந்தது மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

இதில் வடிவமைப்பாளர் கவனிக்க வேண்டியது, போலித் தளம் நன்றாக வடிவமைக்கப்பட்டிருந்தது என்பதை. அதே நிறம், அதே எழுத்துரு, அதே பொத்தான். ஒரு நிறுவனத்தின் அடையாளத்தைக் கட்டிக்காக்க நாம் எழுதி வைக்கும் விதிகளைத் திருடர்கள் நம்மைவிட ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். அழகு நம்பிக்கைக்குச் சான்றாக இருந்த காலம் அதோடு முடிந்தது என்பேன்.

2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் சேர்ந்து அறிவித்த நடவடிக்கைகளைப் படித்தால் அவை பாதுகாப்பு விதிகள்போலத் தெரியும். எனக்கு அவை வடிவமைப்புக் குறிப்புகளாகத்தான் தெரிந்தன. தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் தட்டக்கூடிய இணைப்பு இருக்கக் கூடாது. கைப்பேசியில் புதிதாக மின்னிலக்க அடையாள வில்லை (கணக்குக்காரரை உறுதிசெய்யும் டிஜிட்டல் டோக்கன்) பதிந்தால், அது செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் ஆக வேண்டும். இணைப்பே இல்லாத மின்னஞ்சலை வடிவமைப்பது எப்படி என்று எந்தப் பாடநூலும் அதுவரை சொல்லிக் கொடுத்ததில்லை. ‘இங்கே தட்டுக’ என்ற பொத்தானைச் சுற்றித்தான் மின்னஞ்சல் வடிவமைப்பே கட்டப்பட்டிருந்தது. இப்போது ‘செயலியைத் திறந்து, இன்ன பகுதிக்குப் போகவும்’ என்று வழி சொல்ல வேண்டும். சாலையில் வேகத்தடை போடுவது மாதிரி. கார் ஓட்டுகிறவர் திட்டுவார். பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும்.

அரசாங்கத் தளங்களின் நெற்றியில் மெல்லிய பட்டை ஒன்று இருக்கும். சிங்கமுகச் சின்னம், இது சிங்கப்பூர் அரசாங்க அமைப்பின் இணையத்தளம் என்று ஒரு வரி. அதைத் தட்டினால், அரசாங்க முகவரிகள் ‘கவ் டாட் எஸ்ஜி’ என்று முடியும், பூட்டுச் சின்னத்தைப் பாருங்கள் என்று விளக்கம் விரியும். அமைச்சு எதுவானாலும், வாரியம் எதுவானாலும் அந்தப் பட்டை அதே இடத்தில். அக்கா மகள் அரசாங்கத் தளங்களை ‘போர்’ என்று ஓரமாகத் தள்ளி வைத்திருந்தாள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்கு விண்ணப்பிக்கிறவருக்கோ மத்திய சேம நிதிக் கணக்கைப் பார்க்கிறவருக்கோ போர் அடிக்கவே வேண்டும். அவர் அங்கே வேடிக்கை பார்க்க வரவில்லை. தளத்தில் ஒரு பொத்தான் துள்ளிக் குதித்தால் அவருக்குச் சந்தேகம்தான் வரும்.

அடுத்து உணவகம். உணவகத் தளத்தில் மனிதர் தேடுவது மூன்று: இப்போது திறந்திருக்கிறதா, எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆகும். பெரும்பாலான உணவகத் தளங்கள் இந்த மூன்றையும் கடைசியில் வைத்துவிட்டு, முதலில் சமையல்காரரின் கனவைச் சொல்கின்றன. ஒன்றில் நான் அரை நிமிடம் மசாலா தூவும் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்தேன். பசியோடு இருக்கிறவனிடம் இது தகுமா?

எவ்வளவு ஆகும் என்பதில் இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பொருள், சேவை வரிக்குப் பதிவு செய்த கடைகள் வரியைச் சேர்த்துத்தான் விலையைக் காட்ட வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் இதில் விலக்கு. அதனால்தான் அங்கே விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள். நாம் ‘பிளஸ் பிளஸ்’ என்று சொல்வது. 20 வெள்ளி மீன்தலைக் கறிக்கு 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்தால் 22. அதன்மேல் 9 விழுக்காடு வரி, ஆக 23 வெள்ளி 98 காசு. வடிவமைப்பு மாணவிக்கு இது கணக்குப் பாடம்போலத் தோன்றலாம். உண்மையில் அந்த இரண்டு சின்னக் குறிகளை எவ்வளவு பெரிதாகப் போடுவது, எங்கே வைப்பது என்பதில்தான் கடையின் நேர்மை தெரிகிறது. வெளிர் சாம்பலில் பொடி எழுத்தில் போட்டவரும் உண்டு, பட்டியலின் தலையிலேயே தெளிவாகச் சொன்னவரும் உண்டு.

இதற்கு நேர்மாறு உணவங்காடிக் கடைகள். அங்கே பெரும்பாலானவர்களுக்கு இணையத்தளமே கிடையாது, தேவையும் இல்லை. தலைக்கு மேல் ஒளிரும் பலகை, படத்துக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு விலை, கீழே 2018இல் அறிமுகமான பொதுக் கட்டணக் கியூஆர் ஒட்டுவில்லை. ‘ரெண்டாம் நம்பர், மிளகாய் வேணாம்’ என்று மொழி தெரியாதவரும் வாங்கிவிடுவார். நான் பார்த்ததில் மிகச் சிறந்த இடைமுகம் எது என்று யாராவது கேட்டால் மீ கோரிங் என்ற வறுத்த நூடுல்ஸ் விற்கும் கடையின் பலகையைத்தான் காட்டுவேன். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மருத்துவத் துறையில் பக்கங்கள் ஒன்றுபோல இருப்பதற்கு விதியும் ஒரு காரணம். மருத்துவச் சேவை விளம்பரங்களுக்கு இங்கே தனிச் சட்டவிதிகள் உண்டு. நோயாளிகளின் பாராட்டு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ‘இவரைப்போல் யாருமில்லை’ என்ற பாணிப் பேச்சு ஆகியவற்றுக்கெல்லாம் கட்டுப்பாடு. அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மருத்துவரின் படிப்பு, பணிநேரம், வரைபடம், ஒரு வெளிர்நீலப் பின்னணி. சொத்து முகவர் பக்கத்தில் முகவரின் பெயர், பதிவெண், தொலைபேசி எண், அவர் சார்ந்த நிறுவனத்தின் பெயர், உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். எண்கள் நெரியும், வேறு வழியில்லை. வழக்கறிஞர் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புத்தக அலமாரி, நகரின் உயரக் கட்டடங்கள், கைகுலுக்கல்.

துணைப்பாட (டியூஷன்) நிலையங்கள்தான் அவளைக் கவர்ந்தன. அங்கே கூச்சல் அதிகம். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் 2021 முதல் அடைவுநிலை முறை வந்துவிட்டது. நான்கு பாடங்களுக்கும் சேர்த்து 4 என்பதே ஆகச் சிறந்த மொத்தம், 32 ஆகக் கடைசி. முகப்பில் பிள்ளைகளின் சிரித்த முகங்கள், பக்கத்தில் பளிச்சென்று அந்த எண். பார்க்க அழகில்லை, நெருக்கமாக இருக்கிறது, அவள் ஆசிரியர் மதிப்பெண் போட மாட்டார். ஆனால் இரவு பதினொரு மணிக்கு அதைத் திறக்கிற தாய்க்கு வெற்றிடமும் மெல்லிய எழுத்துருவும் என்ன ஆறுதல் தரும்? தன் பிள்ளை மாதிரி ஒரு முகத்தை அவர் தேடுகிறார். அந்தப் பக்கம் அந்தப் பயத்தை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறது. கொஞ்சம் அளவுக்கு மீறித் தெரிந்து வைத்திருக்கிறது என்பது என் கருத்து.

திருமண அலங்காரத் தளம் ஒன்றை அவளே பயிற்சிக்காக வடிவமைத்திருந்தாள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரே ஒரு மல்லிகைச் சரம். எனக்குப் பிடித்தது. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குக் கறுப்பா? பத்திரிகை மூலையில மஞ்சள் தடவுறது எதுக்காம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். பயனர் ஆய்வு என்று கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக் கொடுப்பதை அக்கா ஒரு வரியில் முடித்துவிட்டார்.

தமிழ் வந்து உட்கார்ந்ததும் இந்தக் கதை இன்னும் சிக்கலாகிறது. எனக்கு இதில் சொந்த அனுபவம் அதிகம், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன்.

வடிவமைப்பாளர்கள் உள்ளடக்கம் வரும்வரை பெட்டிகளை நிரப்பப் போலி லத்தீன் வாசகம் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். ‘லோரம் இப்சம்’ என்று தொடங்கும். சிசரோ கி.மு. 45இல் எழுதிய நூலிலிருந்து உதிர்ந்த சொற்கள். அதைப் போட்டால் எந்தப் பெட்டியும் அழகாக இருக்கும். பிறகு ஆங்கிலம் வரும், அதுவும் பொருந்தும். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தளம் வேண்டும் என்று வாடிக்கையாளர் கடைசி வாரத்தில் சொல்லும்போதுதான் தமிழ் உள்ளே வரும். அப்போது பெட்டி வெடிக்கும். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடிந்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று வந்து விழும். சீன மொழியில் இரண்டே எழுத்து. நான்கையும் அருகருகே வைத்தால் நமது பொத்தான் மட்டும் இரண்டு வரியாக மடங்கி நிற்கும்.

எல்லாப் பழியையும் மொழிமேல் போடவும் முடியாது. ‘அனுப்புக’ என்றாலே போதும். தேடுக, திறக்க, வாங்குக, மாற்றுக என்று வியங்கோள் வினைமுற்று நமக்கு எவ்வளவு சிக்கனமாக வாய்த்திருக்கிறது! மரியாதை குறையாது, இடமும் மிச்சம். மொழிபெயர்ப்பவரும் வடிவமைப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இது பத்து நிமிட வேலை. வழக்கமாக அவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. இடையில் ஒரு எக்செல் கோப்பு மட்டும் போய் வரும்.

அடுத்தது எழுத்து உடைவது. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்குறியில் (யூனிகோட்) இது இரண்டு குறியீடாகச் சேமிக்கப்படுகிறது: ககரம், அடுத்து ஒகர உயிர்க்குறி. திரையில் காட்டும்போது அந்த ஓர் உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் போய் நிற்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த மென்பொருளில் சரியாக வரும். தெரியாததில் கொம்பு தனியாக, கால் தனியாக, ககரம் அனாதையாக நிற்கும். இணைய உலாவிகள் இதை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டன. பிரச்சினை வடிவமைப்பு மென்பொருளில். அடோபி இன்டிசைனில் பத்தி அமைப்புக்குள் ‘வேர்ல்ட் ரெடி’ என்ற தெரிவைப் போட்டால்தான் தமிழ் தமிழாக இருக்கும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு உடைந்ததும் உடையாததும் ஒன்றுதான். இரண்டுமே அவருக்குச் சுழிகள்.

2017இல் தேசிய தின அணிவகுப்பு முன்னோட்டக் காட்சிக்கான பிரசுரத்தில் தமிழ் வாசகம் இப்படிச் சிதைந்து அச்சாகி, ஏற்பாட்டுக் குழு வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன், 2014இல், சுற்றுலா வழிகாட்டிப் பலகை ஒன்றில் ‘லாவ் பா சாட்’ என்ற பழைய சந்தையின் பெயரில் ‘சாட்’ என்பது ஆங்கிலச் சனிக்கிழமையின் சுருக்கமாக எடுத்துக்கொள்ளப்பட்டு, தமிழில் ‘சனி’ ஆகிவிட்டது. சாப்பிடப் போகிற இடத்தில் சனி! அப்போது ஊரே பேசியது. சிரித்தோம், கோபப்பட்டோம். அக்கா மகளுக்கு நான் சொன்னது: இவை மொழிப் பிழைகள் மட்டுமல்ல, வேலை நடக்கும் ஒழுங்கில் உள்ள ஓட்டைகள். கடைசியாகப் பார்க்கிற கண் தமிழ் படிக்கிற கண்ணாக இருக்க வேண்டும். அவள் வகுப்பில் அந்தக் கண் இவளுடையது மட்டும்தான்.

ஆங்கிலத்துக்கு வகுத்த அழகியல் விதிகளும் இங்கே தடுமாறும். ஆங்கிலத்தில் தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டு அழுத்தம் தரலாம், சாய்த்துத் தரலாம், எழுத்துகளுக்கு இடையே காற்றோட்டம் விட்டு நாசூக்காக்கலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லை. சாய்வு நம் மரபில் இல்லை, சாய்த்தால் விழப்போவது மாதிரி இருக்கும். இடைவெளி விட்டால் சொல் உடையும். மிஞ்சுவது கனம், அளவு, நிறம். வரிகளுக்கு இடையேயும் கூடுதல் இடம் வேண்டும். மேலே ‘கீ’யின் சுழி, கீழே ‘கூ’வின் வால். ஆங்கிலத்துக்கு எழுத்தளவில் 1.4 மடங்கு போதுமென்றால் தமிழுக்கு நான் 1.7 கொடுப்பேன். கூகலின் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் மாதிரி இலவச எழுத்துருக்கள் வந்தபின் கனத்துக்குக் கனம் பொருத்துவது எளிதாகிவிட்டது. லதா என்ற ஒரே எழுத்துருவை வைத்துக்கொண்டு காலம் ஓட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இதைச் சொல்லும்போது ஒரு பெயரைச் சொல்லாமல் விடுவது நன்றி கெட்டதனம். இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்கக் காலத்தில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்புத் தளத்தில் நான்கு மொழிகளில் ஒன்றாகத் தமிழும் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. ‘கணியன்’ என்ற தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் அவர் உருவாக்கியவை. 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கே நடக்கவும் அவர் முயற்சி காரணம். 1999இல் காலமானார். அக்கா மகளின் கல்லூரியில் இணைய வரலாறு பாடம் இருக்கிறது. அவர் பெயர் அதில் இல்லை. நான் சொன்னதும் அவள் ஒட்டுத்தாள் ஒன்றில் குறித்துச் சுவரில் ஒட்டினாள்.

பெயர் என்றதும் படிவங்கள் ஞாபகம் வருகின்றன. தொழில் எதுவானாலும் எல்லாத் தளத்திலும் படிவம் உண்டு. எல்லாப் படிவத்திலும் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டம் உண்டு. நமக்கு அது இல்லை. அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ‘இன்னாரின் மகன்’ என்பதற்கு ‘எஸ்/ஓ’, பெண்களுக்கு ‘மகள்’ என்பதற்கு ‘டி/ஓ’ என்று ஒரு சாய்கோடு இருக்கும். பல படிவங்களுக்குச் சாய்கோடு ஆகாது, ‘எழுத்துகள் மட்டும்’ என்று சிவப்பில் கத்தும். ஒருமுறை விமானச்சீட்டு எடுக்கையில் சாய்கோட்டை நீக்கினேன். சீட்டில் என் பெயரோடு ‘எஸ்ஓ’ ஒட்டி, ஏதோ கொரியப் பெயர்போல வந்துவிட்டது. சோதனை முகப்பில் நின்று விளக்கினேன். இதை எழுதிய நிரலாளருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. அவர் சோதித்துப் பார்த்த பெயர்களில் நம் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

படிவத்தில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டில்கூட அடையாள அட்டை எண் கேட்பார்கள். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2019 செப்டம்பர் முதல் தனியார் அமைப்புகள் தேவையில்லாமல் அதைக் கேட்கக் கூடாது. பழைய படிவத்தைப் பார்த்து அப்படியே நகல் எடுக்கிற மாணவர்கள் அந்தக் கட்டத்தையும் சேர்த்து நகலெடுத்துவிடுகிறார்கள். அவளும் எடுத்திருந்தாள்.

சாம்பல் நிறம் பற்றியும் ஒரு சண்டை நடந்தது. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து அவள் தலைமுறைக்குப் பிடித்திருக்கிறது. அணுகல்தன்மைக்கான அனைத்துலக வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள மாறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளைமேல் 767676 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டும். அவள் போட்டிருந்தது பாதிகூட வரவில்லை. 2024இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஐவரில் ஒருவர் 65 வயதைத் தொட்டவர் அல்லது தாண்டியவர். தைப்பூசப் பால்குடச் சீட்டை இணையத்தில் எடுக்கிற பக்கத்தை யார் திறப்பார்கள் என்று நினைத்துப் பார் என்றேன். "பாட்டி எங்கிட்டதான் போனைக் குடுப்பாங்க" என்றாள். அதுதான் பிரச்சினை என்றேன்.

அவள் ஐந்தாவதாக எடுத்த தொழில் நகைக்கடை. சிராங்கூன் சாலையில் தெரிந்த ஒருவர் சிறிய கடை வைத்திருக்கிறார். பழைய தளம் ஒன்று உண்டு, ஓடும் எழுத்தெல்லாம் இருக்கும். அதைப் புதுப்பித்துக் காட்டுகிறேன் என்று இரண்டு வாரம் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் உட்கார்ந்தாள். திரை முழுக்க ஒரு கழுத்து, அதில் ஒரு மாங்காய் மாலை, பின்னால் இருட்டு. கீழே போகப் போகக் கடையின் கதை, சேகரிப்புகள், கடைசியில் தொடர்பு. சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகவே இருந்தது.

ஒரு வியாழக்கிழமை மாலை கடைக்குப் போய்க் காட்டினோம். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, கைப்பேசியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா. ரேட்டு எங்க?"

அவள் விரலால் தள்ளினாள். இன்னும் தள்ளினாள். நான்காவது திரையில், ஒரு பட்டியலுக்குள், இன்றைய விலை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாசலைக் காட்டினார். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, 916 என்று போட்டு, எதிரே கிராம் விலை, தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து தெரியும் அளவில். நாங்கள் நின்றிருந்த பத்து நிமிடத்தில் நான்கு பேர் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே வந்தவர் ஒருவர்தான். அவரும் கேட்ட முதல் கேள்வி அந்த விலைக்குமேல் கூலி எவ்வளவு என்று. அப்புறம், வரி சேர்த்தா சேர்க்காமலா என்று. தூய்மை 99.5 விழுக்காட்டுக்குக் குறையாத முதலீட்டுத் தங்கக் கட்டிகளுக்கு 2012 அக்டோபர் முதல் வரி கிடையாது, 916 நகைக்கு உண்டு. அந்த வேறுபாட்டைக் கடைக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை முறை விளக்குகிறாரோ.

எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது அவள் பேசவே இல்லை. கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

இரண்டு நாள் கழித்துப் புதிய பக்கத்தை அனுப்பினாள். கழுத்தும் மாலையும் கீழே இறங்கியிருந்தன. மேலே கிராம் விலை, வாசல் பலகையில் இருக்கும் அதே தடித்த எண்களில். அதன்கீழ் ஒரு சின்னக் கணக்கு: எடை, கூலி, வரி, மொத்தம். எடையை மாற்றினால் மொத்தம் மாறும். தமிழில் ஒரு பொத்தான், ‘கணக்கிடுக’. ஒரே வரியில் அடங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, படிக்க முடிகிற சாம்பலில், இன்றைய விலை காலை 10.30க்கு மாற்றப்பட்டது என்று ஒரு வரி. அதைச் சேர்க்கச் சொன்னது நானில்லை.